அத்தியாயம் 9: ஃபார்மேட் போடுவதற்கு முன்

பேரூராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரு நாள் காலை கணினி திறக்க மறுத்தால், முதலில் வந்து சேர்பவர் கடைத்தெருவில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிதான். கெட்டிக்காரர். கூப்பிட்ட உடனே வருவார், கூலியும் குறைவு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், வைரஸ் புகுந்துடுச்சு. ஃபார்மேட் போட்டுடலாம், சாயங்காலத்துக்குள்ள ரெடி" என்பார். சொன்னபடி சாயங்காலம் ரெடியாகவும் இருக்கும். ஆனால் கோப்புகள் இருக்காது. உள்ளே நுழைந்தது யார், எப்போது, எந்த வழியாக என்பதற்கான தடயமும் அழிந்திருக்கும். பக்கத்து மேசைக் கணினியில் அதே ஆள் இன்னும் ஒளிந்திருக்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்காது. அந்தத் தம்பியைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு என்ன செய்யலாம், யாரிடம் உதவி கேட்கலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

எங்களிடம் எடுக்க என்ன இருக்கிறது?

செயல் அலுவலர்களும் தலைமை ஆசிரியர்களும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஊராட்சியின் சொத்துவரிக் கேட்புப் பட்டியல், பிறப்பு இறப்புப் பதிவுகள், ஒப்பந்தக்காரர்களின் வங்கிக் கணக்கு விவரம், மாணவர்களின் ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண், சாதிச் சான்றிதழ் நகல், மாற்றுத்திறன் மாணவர்களின் மருத்துவ அறிக்கை: இவ்வளவும் ஒரே கணினியின் டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் கிடக்கிறது. எடுக்க இது போதும். அதோடு, தாக்குபவர் உங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை.

2019 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 22 உள்ளாட்சி அமைப்புகளின் கணினிகள் ஒரே காலையில் பூட்டப்பட்டன. பெரும்பாலானவை சிறிய ஊர்கள். போர்கர் என்ற ஊரில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்க முடியவில்லை, கட்டணம் வசூலிக்கவும் முடியவில்லை. கீன் என்ற ஊரின் மேயர் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்: பல ஊர்களுக்கும் கணினிச் சேவை கொடுத்த ஒரே தனியார் நிறுவனத்தின் வழியாகத்தான் தாக்கியவர்கள் நுழைந்தார்கள். அவர்கள் மொத்தமாகக் கேட்டது 25 லட்சம் டாலர். யாரும் கொடுக்கவில்லை. மாநிலத் தகவல் வளத்துறை முன்பே ஒரு திட்டம் எழுதி வைத்திருந்ததால், அன்றே அவசர மையத்திலிருந்து ஆட்களைப் பிரித்து அனுப்ப முடிந்தது. ஒரு வாரத்தில் எல்லா ஊர்களும் மீட்புப் பணிக்கு வந்துவிட்டன.

நம்மூரிலும் ஒரே ஏஜென்சி பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு ஃபீஸ் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறது. எல்லாப் பள்ளிக் கணினியிலும், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் இருக்கும், பல இடங்களில் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்கும். டெக்சாஸ் தூரத்தில் இல்லை.

முதல் ஒரு மணி நேரம்

திரையில் மிரட்டல் செய்தி வந்திருக்கிறது, அல்லது கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தக் கணினியின் லேன் ஒயரைப் பிடுங்குங்கள். வைஃபையை அணையுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவையும் பேக்கப் டிஸ்க்கையும் கழற்றிவிடுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கணினியிலேயே செருகிக் கிடந்தால் (பல அலுவலகங்களில் வருடக்கணக்கில் அப்படித்தான் கிடக்கிறது) அதையும் எடுத்துப் பூட்டி வையுங்கள். மற்ற கணினிகளிலும் சந்தேகம் இருந்தால் ரவுட்டரின் இணைப்பையே துண்டித்துவிடலாம்.

மின்சாரத்தை மட்டும் துண்டிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் தற்காலிக நினைவகத்தில் உள்ள தடயங்கள் அணைத்த உடனே போய்விடும். யுபிஎஸ் பேட்டரி பலவீனமாக இருந்து மின்வெட்டும் வரும் ஊர் என்றால், கணினி எப்போதுமே இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள இடத்தில் இருப்பது நல்லது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒயரைப் பிடுங்கிய பிறகும் கண்ணெதிரே கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டே போனால் அணைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தடயத்தைவிட மிச்சமிருக்கும் கோப்புகள்தான் முக்கியம்.

அடுத்து, திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். மிரட்டல் செய்தி முழுதும், மாறிப்போன கோப்புப் பெயர்களும், திரையின் மூலையில் உள்ள நேரமும் படத்தில் விழ வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள்: முதலில் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு, அதற்கு முன் எந்த மின்னஞ்சலைத் திறந்தார், எந்த இணைப்பைத் தொட்டார். ஆபரேட்டரைத் திட்டுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். பயந்துபோனவர் உண்மையைச் சொல்ல மாட்டார், இந்த மணி நேரத்தில் உண்மையை விட்டால் வேறு துப்பு கிடையாது. எடுத்த படத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அரை மணி நேரத்தில் அது உள்ளூர் நிருபர் கைக்குப் போய்விடும். தாக்கியவர் மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்கலாம் என்பதால் அலுவலக மின்னஞ்சலிலும் இதைப் பற்றி எழுதாதீர்கள். நேரில் பேசுங்கள், அல்லது தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

கேமரா இருக்கும் இடமாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. டிவிஆர் பெட்டி பழைய பதிவுகளின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். கணினி அறையில் யார் உட்கார்ந்தார் என்ற சந்தேகம் வருவதற்குள் அந்த நாளின் பதிவு அழிந்திருக்கும். அன்றைக்கே தனி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றுவதை வேறு கணினியில் செய்ய வேண்டும். தாக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்து புதிய பாஸ்வேர்டைத் தட்டினால், அதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அலுவலகத்துக்கு ஜிமெயில்தான் என்றால், பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல் அமைப்புகளுக்குள் போய் அஞ்சல் வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடப்படுகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு மாறிய பிறகும் உங்கள் கடிதங்களை மாதக்கணக்கில் படிக்க அந்த ஒரு வரி போதும்.

யாரைக் கூப்பிடுவது

இந்தியாவில் இதற்கென்று சட்டப்படி உள்ள அமைப்பு செர்ட்-இன். 2004 முதல் இயங்குகிறது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு அதற்கு அதிகாரம் கொடுக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-4949. 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட ஆணைப்படி, ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), தரவுக் கசிவு, இணையதளத்தைச் சிதைத்தல், சமூக ஊடகக் கணக்குக்குள் அத்துமீறி நுழைதல் போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். உள்ளாட்சி மன்றம் தப்பிக்க வழி இல்லை. தனியார் பள்ளி அறக்கட்டளைகளில் சிலர், ஆணையில் சொல்லியிருக்கும் 'நிறுவனம்' என்பதற்குள் நாங்கள் வருகிறோமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டு முடிப்பதற்குள் 6 மணி நேரம் போய்விடும். தெரிவித்துவிடுவதே நல்லது, தெரிவித்ததற்காக யாரும் தண்டிக்கப் போவதில்லை.

6 மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் தாமதிக்கிறார்கள். அப்படித் தேவையே இல்லை. கையில் இருக்கும் விவரத்தோடு தெரிவித்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு அனுப்பலாம் என்று செர்ட்-இன் தன் விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. சம்பவ அறிக்கைப் படிவம் அதன் இணையதளத்தில் இருக்கிறது. இன்றே இறக்கி அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். தேவைப்படும் நாளில் உங்கள் கணினியும் பிரிண்டரும் வேலை செய்யாமல் இருக்கும். அதே ஆணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. சர்வர் வைத்திருப்பவர்கள் அந்தப் பதிவு இயங்குகிறதா என்று ஆபரேட்டரைக் கேளுங்கள். "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று பதில் வந்தால், அந்த வாரத்தின் முதல் வேலை அதுதான்.

தொலைபேசியில் பேசும் நிபுணர் உங்கள் ஊருக்கு வந்து ஒயரைப் பார்க்கப்போவதில்லை. பக்கத்தில் கிடைக்கும் உதவிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான் வாசல். அங்கே தேசிய தகவலியல் மையத்தின் மாவட்ட அலுவலர் இருக்கிறார், மாநில மின் ஆளுமை முகமையின் மேலாளரும் இருக்கிறார். தமிழ்நாடு 2020இல் தனக்கென்று சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது. மாநிலத்துக்கான செர்ட் அமைப்பும் சி-டாக், எல்காட் ஆகிய அரசு நிறுவனங்களோடு சேர்ந்து உருவானது. அரசு அலுவலகங்கள் அங்கே போய்ச் சேர மாவட்ட அலுவலர்கள் வழிதான் விரைவு. பள்ளியில் எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) கணக்கின் பாஸ்வேர்டு போயிருந்தால் மாவட்ட எமிஸ் ஒருங்கிணைப்பாளருக்கு அன்றே சொல்ல வேண்டும். கணக்கை முடக்குவது அவர்கள் பக்கத்திலிருந்துதான் நடக்கும்.

செர்ட்-இன்னுக்குச் சொல்வதும் காவல்துறையில் புகார் கொடுப்பதும் ஒன்றில்லை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை விசாரிப்பவர் ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 78ஆம் பிரிவு. எனவே அலுவலகத் தலைவரின் கையெழுத்தோடு புகாரை எழுதி அங்கேயே கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம்.

ஃபார்மேட் வேண்டாம் என்பதன் இன்னொரு காரணம் இங்கே வருகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் ஏற்கப்பட இரண்டு பகுதி கொண்ட சான்று தேவை. ஒரு பகுதியைக் கருவியின் பொறுப்பாளரும் மறுபகுதியைத் தொழில்நுட்ப நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆவணத்தின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட வேண்டும். அழித்த டிஸ்க்குக்கு எதை வைத்து மதிப்பு எடுப்பது? பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடப்போவது பெரும்பாலும் உங்கள் ஆபரேட்டர்தான். அவரிடம் இதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

சரி, அலுவலகம் எத்தனை நாள் காத்திருக்கும்? சர்வீஸ் தம்பிக்கு இப்போது வேலை கொடுக்கலாம். புகார் கொடுத்து, விசாரிப்பவர்களிடம் கேட்டுக்கொண்ட பிறகு, தாக்கப்பட்ட டிஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் வரிசை எண்ணை எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்திட்டு பீரோவில் வையுங்கள். புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அலுவலகத்தை ஓட்டலாம். சில ஆயிரம் ரூபாய் செலவுதான், தணிக்கையில் விளக்கம் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய டிஸ்க்கை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு டெக்சாஸ் கதையின் பின்பாதியே பதில். அங்கே கோப்புகளைப் பூட்டியது ரெவில் என்று பெயர் பெற்ற ரான்சம்வேர். 2021 செப்டம்பரில் பிட்டிஃபெண்டர் நிறுவனம் அதற்கான பூட்டுத் திறப்பானை இலவசமாக வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூலை 13க்கு முன் பூட்டப்பட்ட கோப்புகளுக்கு அது வேலை செய்தது. டிஸ்க்கை வைத்திருந்தவர்கள் கோப்புகளைத் திரும்பப் பெற முடிந்தது, ஃபார்மேட் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இப்படிப்பட்ட திறப்பான்களைத் திரட்டித் தரும் இடம் 'நோ மோர் ரான்சம்'. நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய திட்டம் அது. பூட்டப்பட்ட கோப்பையும் மிரட்டல் செய்தியையும் ஏற்றினால், திறப்பான் இருக்கிறதா என்று சொல்லும். மாணவர் விவரம் உள்ள கோப்பை ஏற்றாதீர்கள், விடுமுறைச் சுற்றறிக்கை மாதிரி ஏதாவது ஒன்று போதும். கணினியில் மிச்சமிருக்கும் தீநிரல்களைத் துடைக்க, செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது.

காசு கொடுத்து நிபுணரை அழைத்தே ஆக வேண்டும் என்றால், செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கை நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். சம்பவத்துக்கு மறுநாள் தானாகவே போன் செய்து "நாங்க ரெக்கவரி பண்ணித் தர்றோம்" என்பவரிடம், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்.

பணம் போயிருந்தால்

இங்கே கணக்கு வேறு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஒப்பந்தக்காரர் கணக்கு எண் மாறிவிட்டதாகப் போலிக் கடிதம் வந்து பணம் அனுப்பப்பட்டிருக்கலாம், ஓடிபி சொல்லிப் பள்ளிக் கணக்கிலிருந்து போயிருக்கலாம். உடனே 1930. இந்த உதவி எண்ணை அழைக்கும்போது கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் நான்கும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முயல்வதுதான் அந்த ஏற்பாட்டின் வேலை. கூடவே வங்கி மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனதாக இருந்தாலும், அவர் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. ஒப்புகையில் உள்ள நேரம்தான் அந்தக் கோடு. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.

தலைமை ஆசிரியரின் வாட்ஸ்அப் பறிபோவதும் இப்போது அடிக்கடி நடக்கிறது. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) தொட்டதும், பெற்றோர் குழு முழுக்க அதே கோப்பு அவர் பெயரில் போகும். வேறொருவர் கைப்பேசியிலிருந்து குழுவில் எச்சரித்துவிட்டு, பாதிக்கப்பட்ட கைப்பேசியின் இணையத்தை அணையுங்கள். சிம்மை வேறு கைப்பேசியில் போட்டு வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்தால் கணக்கு கைக்கு வரும். இணைக்கப்பட்ட கருவிகள் எல்லாவற்றையும் வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். அதே கைப்பேசியில் வங்கிச் செயலி இருந்தால், வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

கேட்ட தொகையைக் கொடுப்பதா, பெற்றோரிடம் என்ன சொல்வது

கொடுக்காதீர்கள். ஒழுக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, கொடுத்தாலும் சொன்னபடி நடக்கும் என்ற உறுதி இல்லை என்பதற்காகவும்தான். வட அமெரிக்காவின் ஏராளமான பள்ளிகள் மாணவர் பதிவுகளைப் பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் வைத்திருந்தன. 2024 டிசம்பரில் திருடிய ஒரு கணக்கின் வழியாக அதன் உதவித் தளத்துக்குள் ஒருவர் நுழைந்து பதிவுகளை அள்ளினார். நிறுவனம் பணம் கொடுத்தது. தரவை அழித்துவிட்டதாக உறுதியும் பெற்றது. 2025 மே மாதம், அதே தரவைக் காட்டிப் பள்ளிகளுக்கே நேரடியாக மிரட்டல் கடிதங்கள் வந்தன.

பெற்றோரிடம் பேசுவதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. 2022 செப்டம்பரில், தொழிலாளர் தின நீள்விடுமுறையில் தாக்கினார்கள். விடுமுறைக்கு முந்தின மாலை தாக்குபவர்களுக்குப் பிடித்த நேரம், நம்மூர்ப் பொங்கல் விடுமுறையும் அப்படித்தான். மாவட்டம் செய்தவற்றில் நல்லதே அதிகம்: உடனே தெரிவித்தது, செவ்வாய்க்கிழமை பள்ளிகளைத் திறந்தது, பணம் கொடுக்க மறுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் திருடியவர்கள் சுமார் 500 ஜிபி தரவை வெளியிட்டார்கள். மாணவர்களின் உளவியல் மதிப்பீடுகள் அதில் இல்லை என்ற தொனியில் கண்காணிப்பாளர் பேசினார். 2023 பிப்ரவரியில், சுமார் 2,000 மாணவர் மதிப்பீட்டுப் பதிவுகள் வெளியானதை மாவட்டம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே முதல் வாரக் கடிதத்தில் "மாணவர் விவரம் எதுவும் போகவில்லை" என்று எழுதாதீர்கள். இதுவரை உறுதியானது இது, பார்த்துக்கொண்டிருப்பது இது, அடுத்த தகவல் இந்தத் தேதியில் என்று எழுதுங்கள். பெற்றோர் செய்ய வேண்டியதையும் சேருங்கள்: பள்ளியின் பெயரில் பணம் கேட்டு அழைப்பு வந்தால் அலுவலகத்துக்கு நேரில் வந்து கேட்கவும், ஓடிபி யாருக்கும் சொல்ல வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. கசிவு பற்றிப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றியும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் விரிவாகவும் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் இருக்கிறது. தனியார் பள்ளிகள் அதற்குள் பழகிக்கொள்வது நல்லது.

கணினி இல்லாத நாட்கள்

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டன. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வலைப்பின்னலைச் சரியாகப் பிரிக்காததைக் காரணமாகக் காட்டியது. புறநோயாளிச் சீட்டைக் கையால் எழுதித்தான் மருத்துவமனை ஓடியது. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தரவு மீண்டது. தப்பிய பேக்கப் என்பதைக் கவனியுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் தப்பாது.

உங்கள் அலுவலகத்தில் எண்ணிட்ட ரசீதுப் புத்தகங்கள் இரண்டு மூன்று பீரோவில் இருக்கட்டும். வரி வசூல் கையால் எழுதிய ரசீதில் நடக்கலாம், பிறகு பதிவேற்றலாம். பள்ளிக்கு வருகைப் பதிவேடும், அவசரத் தொடர்பு எண்களின் அச்சுப் பிரதியும் போதும். மாற்றுச் சான்றிதழுக்காக வாசலில் நிற்கும் பெற்றோரிடம் "சர்வர் டவுன்" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், விண்ணப்பத்தை வாங்கித் தேதி முத்திரை போட்டு ஒப்புகை கொடுங்கள்.

சுவரில் ஒரு தாள்

கணினி அருகே சுவரில் ஒட்ட ஒரு தாள் தயார் செய்யுங்கள். மேலே பெரிய எழுத்தில்: ஒயரைப் பிடுங்கு, அணைக்காதே, ஃபார்மேட் போடாதே. கீழே 1800-11-4949, 1930, மாவட்ட சைபர் குற்றப் பிரிவு, தகவலியல் அலுவலர், வங்கி மேலாளர், மென்பொருள் ஏஜென்சி ஆகியோரின் எண்கள். அழைக்க வேண்டியவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்று இரண்டு பதவிகள். பதவியை மட்டும் எழுதினால் போதாது, அந்தப் பதவியில் இப்போது இருப்பவரின் கைப்பேசி எண்ணும் வேண்டும். மாறுதல் கலந்தாய்வு முடிந்த வாரத்தில் பாதி எண்கள் செல்லாமல் போயிருக்கும். புதியவர் பொறுப்பேற்கும்போது ஒப்படைக்கும் சாவி, முத்திரை, பதிவேடு பட்டியலில் இந்தத் தாளையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், அதைத் திருத்துவது அவருடைய முதல் நாள் வேலைகளில் ஒன்றாகிவிடும்.